குளத்துக்குள் ஒரு கிணறு

அய்யா உண்டு

வடசேரி
கொல்லம் ஆண்டு 1129, ஐப்பசி 12

அன்புத் தம்பி வைகுண்டராஜனுக்கு அக்காள் சத்தியபாய் எழுதுவது.

உன் அத்தானும் பிள்ளை ஓமனாவும் நானும், நாம் கும்பிடும் அய்யா புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம். டில்லியில் குளிர் தொடங்கிவிட்டது என்று அத்தானின் வாழைக்குலைக் கடைக்கு வந்த யாரோ பேப்பர் பார்த்துச் சொன்னார்களாம். கம்பளி வாங்கினாயா, இல்லை, போன வருஷம் போலக் கோட்டுக்குள்ளே பழைய பேப்பரை மடித்துத் திணித்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறாயா? உன்னைக் கேட்க அங்கே ஆள் இல்லை என்ற தைரியம்.

நமக்கு மனை கிடைத்துவிட்டது தம்பி! இதை எழுதத்தான் கவர் வாங்கினேன். மற்ற விசேஷமெல்லாம் கார்டில் அடங்கிவிடும்.

முத்துக்கனியின் வளவில் வாடகைக்கு இருந்து நாங்கள் படுகிற பாடு உனக்குத் தெரியும். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அவளிடம் போய் நிற்க வேண்டும். இப்போது அவள் மகனுக்குக் கல்யாணமாம், தை பிறந்ததும் வீட்டை ஒழித்துக் கொடு என்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சட்டியும் பானையுமாக எத்தனை வீடு ஏறி இறங்கிவிட்டேன்! இனி அந்த வேலை இல்லை. உன் அத்தான் சேர்ந்திருக்கும் வீட்டுமனைச் சங்கத்தில் சீட்டுப் போட்டார்கள். எங்கள் பெயருக்குத் தெற்கு ஓரத்து மனை விழுந்தது.

இடம் கைதைக்குளம். திகைக்காதே. குளத்துக்குக் கீழே இருந்த வயலெல்லாம் மர மில்லும் பஸ் கொட்டகையும் வீடுகளுமாக ஆகிவிட்டது. "வயலே இல்லாத குளம் யாருக்கு?" என்று சங்கத்துச் செக்ரட்டரி கிருஷ்ணமணி கேட்கிறார். நியாயம்தானே? தை மாதம் கரையை வெட்டிக் குளத்து வெள்ளத்தை வடித்து, அடித்தரையை மனையாக்கிவிடுவார்களாம். சர்க்கார் அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று.

முதலில் கிணறு வெட்டப் போகிறோம். அம்மா சொல்வாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனே, ஞாபகம் இருக்கிறதா? புதுக் கிணற்றின் முதல் குடத்தை, அதுவரை குடித்த பழைய கிணற்றில் கொண்டு ஊற்றிவிட்டு வந்துதான் புது வீட்டில் உலை வைக்க வேண்டும் என்று. அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. பாவம், கடைசி வரை அடுத்தவர் தென்னை விளையில் குடிசை போட்டு இருந்தவளுக்கு அதைச் செய்யக் கொடுத்து வைக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் செய்யப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்காள்
சத்தியபாய்

*

டில்லி
22-11-1953

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளி வாங்கிவிட்டேன். நம்பாவிட்டால் அதன் நூல் ஒன்றைப் பிடுங்கி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

மனை கிடைத்த செய்தியைப் படித்ததும் துள்ளி எழுந்தேன். அடுத்த வரியில் கைதைக்குளம் என்று படித்ததும் என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

கமிட்டி, கமிட்டி என்று எழுதுவேனே, அது என்ன என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பிரிவினையில் வந்த ஜனம், வேலை தேடி வருகிற ஜனம் என்று நாட்டில் பட்டணங்கள் எல்லாம் கண்மூடித்தனமாகப் பெருகிக்கொண்டிருக்கின்றன. எங்கே வீடு கட்டலாம், எந்த நிலத்தைத் தொடக்கூடாது என்று நாட்டுக்கெல்லாம் பொதுவாக ஓர் ஏற்பாடு கிடையாது. அதை எழுதுவதுதான் எங்கள் வேலை. குளம், சதுப்பு, ஆற்றங்கரை, மலையடிக் காடு, இவற்றை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பட்டணம் வளரட்டும் என்பது யோசனை. இங்கேயே ஒரு தாழ்ந்த ஏரியைத் தூர்த்து வீடு கட்டினார்கள். மழை பெய்ததும் அத்தனை வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஏரியில் இருந்த பறவைகளும் போயின, வீட்டில் இருந்தவர்களும் போனார்கள்.

உடனே காப்பாற்ற வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் தயாராகிறது. முடிவு தெரியும்வரை அங்கே புதுக் கட்டடம் வேண்டாம் என்று அந்தந்த சர்க்காருக்கு எழுதுவார்கள். அதில் கைதைக்குளமும் இருக்கிறது. எழுதிக் கொடுத்தது நான்தான். உனக்கு அங்கே மனை விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா, சங்கத்துக்குப் பொற்றையடியிலும் குன்றை ஒட்டி மேட்டு நிலம் இருக்கிறது என்று அத்தான் முன்பு எழுதியிருந்தார். மனையை அங்கே மாற்றிக் கேட்டால் என்ன? யோசித்துப் பார். ஓமனாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி
வைகுண்டராஜன்

*

வடசேரி
1129, மார்கழி 3

ஸ்ரீமான் வைகுண்டராஜன் அவர்களுக்கு, கைதைக்குளத்தில் மனை வாங்கிய பொம்பளை எழுதுவது.

பொற்றையிலா? நன்றாயிருக்கிறது ஐயா உங்கள் யோசனை. பாறையும் கள்ளியும் தவிர அங்கே என்ன இருக்கிறது? வெடி வைத்தாலும் ஒரு குடம் வெள்ளம் ஊறாது. தாமரைக்கோழிக்கும் கொக்குக்கும் பேசுவதற்கு டில்லியில் ஆள் வைத்திருக்கிறார்கள். எனக்காகப் பேச ஒருத்தன் இருக்கிறான் என்று யாரை நினைத்தேனோ, அவனே அந்த ஆள்!

அம்மா போனபோது உனக்கு நடக்கக்கூடத் தெரியாது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் எத்தனை பேர் வாசலில் நின்றிருப்பேன்? "பிள்ளை அழுகான், வேற எடம் பாரு" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? உனக்கு நினைவிருக்காது. எனக்கு ஒவ்வொரு வாசலும் நினைவிருக்கிறது. ஊரிலே எத்தனையோ பேர் குளத்திலும் வயலிலும் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சட்டம் வந்து முதலில் கதவைத் தட்டுவது உன் அக்காள் வீடாகத்தான் இருக்க வேண்டுமா?

உன் அத்தானிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வாழைக்குலைக்குச் சருகு சுற்றிக்கொண்டிருந்தார். "சவத்த விடு பிள்ளே. சர்க்கார் சோறு திங்கவன் சர்க்கார் எழுத்துதான் எழுதுவான். நீ கெடந்து பதறாத" என்றார். அவருக்கு எல்லாமே ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை.

அந்தப் பெயரை எடு. எடுக்காவிட்டால், நான் எங்கே வீடு கட்டினாலும் அந்த வாசலை நீ மிதிக்க வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. ராத்திரி தூங்கி எழுந்து, பல் தேய்த்து, கஞ்சி குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சத்தியபாய்

*

டில்லி
16-2-1954

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு முன்னும் பின்னும் எழுதினேன். பதில் இல்லை. அத்தானுக்குத் தனியாக எழுதினேன். "அவ உனக்கு எழுதப்பிடாதுன்னு சொல்லிட்டா மக்கா" என்று ஒரே வரி எழுதிக் கார்டு போட்டிருந்தார். எழுதக்கூடாது என்பதையும் எழுதித்தானே தெரிவிக்க வேண்டியிருந்தது அவருக்கு. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நேற்றுப் பெயரை எடுத்துவிட்டேன்.

காரணம் கேட்டார்கள். ஊரில் விசாரித்ததில் அந்தக் குளம் ஏற்கெனவே தூர்ந்து போய்விட்டதாகத் தெரிகிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது பொய். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் எழுதிய முதல் பொய். ஆனால் அக்கா, என் அறைக்கு எதிரே ஒரு பஞ்சாபி அம்மாள் தகரக் கொட்டகையில் இருக்கிறாள். சொந்த ஊரில் மச்சு வீட்டில் வாழ்ந்தவளாம். தினமும் கொட்டகை வாசலைச் சாணம் போட்டு மெழுகுகிறாள். அவளைப் பார்த்துக்கொண்டு, உனக்கு வீடு வேண்டாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கட்டு. நன்றாகக் கட்டு. என்னை வா என்று மட்டும் ஒரு வரி எழுது.

உன் தம்பி
வைகுண்டராஜன்

*

அய்யா உண்டு

கைதைக்குளம் மனை
1129, பங்குனி 8

என் தங்கத் தம்பிக்கு அக்காள் எழுதுவது.

மேலே விலாசத்தைப் பார்த்தாயா? வீடு வரவில்லை, விலாசம் வந்துவிட்டது! மாசி மாதமே முத்துக்கனி வளவை ஒழித்துக் கொடுத்துவிட்டு, மனையில் ஓலைக்குடிசை போட்டு இருக்கிறோம். காற்றடித்தால் கூரை எழுந்து எழுந்து உட்காருகிறது. உன் அத்தான் கடைக்குப் போய்விட்டால் நானும் ஓமனாவும் தனி. ஆனால் குடிசைக் கம்பில் நான் நினைத்த இடத்தில் ஆணி அடித்துச் சட்டை மாட்டியிருக்கிறேன்.

நீ எனக்காகப் பொய் எழுதினாய் என்று படித்து அழுதேன். உன்னை அப்படி எழுத வைத்துவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் தம்பி, உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

கரையை வெட்டியபோது கொஞ்ச நாள் சேறு நாற்றமும் மீன் நாற்றமும் தாங்கவில்லை. பறவைகள் வந்து வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. இப்போது எல்லாம் காய்ந்து தரையாகிவிட்டது. இவ்வளவு பேரில் நாங்கள்தான் முதலில் கிணறு வெட்டினோம். வெட்டின ஆள் குழிக்குள் இறங்கித் தலை மறைவதற்குள், "அக்கா, வெள்ளம்!" என்று கத்தினான். எட்டிப் பார்த்தால் நாலு பக்கமும் பொங்கி வருகிறது. குடித்துப் பார்த்தேன், இளநீர்தான் போ. சுற்றிலும் கல் கட்டி, விளிம்புக்குக் கருங்கல் வளையமும் வைத்தாயிற்று. ஓமனா பொழுது முழுக்க அதற்குள் எட்டிப் பார்த்து உன் பெயரைக் கூப்பிட்டு எதிரொலி கேட்கிறாள்.

நல்ல நாள் பார்த்திருக்கிறோம். முதல் குடத்தை இந்த வாரம் முத்துக்கனி வளவுக்குச் சுமந்து போகிறேன். ஆணி அடிக்க விடாதவளானாலும் அவள் கிணற்று வெள்ளத்தைத்தானே இத்தனை காலம் குடித்தோம். வீடு முடிந்ததும் நீ வா. வராமல் பால் காய்ச்ச மாட்டேன்.

உன் அக்காள்
சத்தியபாய்

*

கைதைக்குளம்
1129, பங்குனி 15

தம்பி,

இந்தக் கடிதம் கிடைத்ததும் வேறு வேலை பார்க்காதே. முதலில் இதைச் செய். அந்தப் பெயரைத் திரும்பவும் பட்டியலில் சேர்.

குடத்தைத் தேய்த்து, திருநாமம் இட்டு, பிச்சிப்பூ சுற்றி முத்துக்கனி வளவுக்குக் கொண்டுபோனேன். ஓமனா முன்னால் நடந்தாள். வளவுப் பெண்கள் எல்லாரும் கிணற்றடியில் கூடிவிட்டார்கள். நான் அய்யாவைக் கும்பிட்டு, குடத்தைக் கவிழ்த்தேன். வெள்ளத்தில் வெள்ளம் விழுகிற சத்தம் வரவில்லை. கல்லில் விழுந்தது தம்பி. அடியில் உள்ள பாறையில் பட்டுச் சிதறிய சத்தம்தான் கேட்டது.

நான் முத்துக்கனியைப் பார்த்தேன். "என்ன பாக்கே? நீ போனதுல இருந்து கோரக் கோர வெள்ளம் கீழதான் போச்சு. கோடைன்னு இருந்தோம். எனக்க மாமியாரு காலத்துல இருந்து எந்தக் கோடையிலயும் இந்தக் கிணறு அடி காட்டினது இல்ல, கேட்டியா. இப்ப நம்ம தெருவுல ஒரு கிணத்துலயும் ஒண்ணும் கெடையாது" என்றாள். பிறகு, என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், "சத்தியபாயி, உனக்க கிணத்துல ரெண்டு குடம் கோரிக்கிடட்டா?" என்று கேட்டாள்.

அவள் என்னிடம் வந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்! ஆனால் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அவர்கள் வரிசையாகக் குடம் எடுத்துக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தார்கள். நான் முன்னால் நடந்தேன். வழியெல்லாம் ஒன்றேதான் மனசுக்குள். குளம் நிறைந்து நின்றால் தெருக் கிணறெல்லாம் ஊறும். குளத்தை வடித்துவிட்டு அதன் அடியில் கிணறு வெட்டினால் என் கிணறு மட்டும் ஊறும். நான் அவர்களுக்குத் தானம் செய்யவில்லை தம்பி. அவர்களுடையதைத்தான் அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வயலில்லாத குளம் யாருக்கு என்று கேட்டார்களே, இதோ இவர்களுக்கு.

நீ எழுதிக் கொடுத்தது பொய் என்று சொல்ல வேண்டாம். அக்காள் தவறாகச் சொல்லிவிட்டாள் என்று என் தலையில் போடு. எப்படியாவது சேர்த்துவிடு.

சத்தியபாய்

*

டில்லி
19-4-1954

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அதிகாரியிடம் போனேன். நான் எழுதியது பொய் என்று சொல்லிவிட்டேன், உன் தலையில் போடவில்லை. அவர் உன் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அறிக்கை அச்சாகி எல்லா சர்க்காருக்கும் போய்விட்டது. இனி ஒரு வரியும் சேர்க்க முடியாது" என்றார். வேலையில் இருந்து அனுப்பவில்லை. பட்டியல் பக்கம் மட்டும் இனி நான் வரக்கூடாதாம், கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

நாடு முழுவதற்கும் நல்ல யோசனை எழுதப் போனேன். என் சொந்த ஊர்க் குளத்தை நானே கைவிட்டேன். இனி இங்கிருந்து என்னால் ஆவது ஒன்றுமில்லை அக்கா. எந்த முகத்தோடு ஊருக்கு வருவேன் என்று தெரியவில்லை. இந்த வருஷம் லீவு எடுக்கப் போவதில்லை.

அச்சடித்த அறிக்கை ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்து என்னைத் திட்டிக்கொள்.

வைகுண்டராஜன்

*

அய்யா உண்டு

பொற்றையடி, வடசேரி
1130, பங்குனி 20

அன்புத் தம்பிக்கு அக்காள் சத்தியபாய் எழுதுவது.

ஒரு வருஷமாகக் கார்டில் "சுகம், வேலை நடக்கிறது" என்று எழுதியதோடு சரி. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பாதியில் சொன்னால் நீ அங்கே சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பாய். இப்போது முழுவதும் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் அறிக்கை வந்த வாரம் சங்கக் கூட்டம் நடந்தது. குளத்தில் வீடு வேண்டாம், கரையைத் திரும்ப அடைக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். கிருஷ்ணமணி கையிலும் அதில் ஒன்று இருந்தது. "டெல்லி ரிப்போர்ட்டுலயே நம்ம குளம் பேரு இல்ல. பொறவு இந்தப் பொம்பள என்னத்துக்குத் தடுக்கா?" என்றார். நான் எழுந்தேன். "பேர எடுத்தது எனக்க தம்பி. எடுக்கச் சொன்னது நான். இப்ப அந்த நான்தான் வேண்டாம்னு சொல்லுகேன்" என்றேன். சபை சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

அப்போது உன் அத்தான் எழுந்தார் பார்! கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. "சிரிச்சது போதும். எல்லாரும் எனக்க கிணத்துல ஒரு குடம் கோருங்க. அவங்கவங்க குடியிருந்த பழைய வீட்டுக் கிணத்துல கொண்டு ஊத்திட்டு வாங்க. சத்தம் எப்படி இருந்துதுன்னு வந்து சொல்லுங்க. பொறவு பேசுவோம்" என்றார். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் வேடிக்கைக்காகப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் வெற்றுக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்க அம்மை இன்னும் அந்த வளவுலதான் இருக்கா" என்று மட்டும் சொன்னார்.

எல்லாருமே சம்மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? வடக்கு மூலையை மில்காரர் மண்ணடித்து மேடாக்கிவிட்டார், அது போனது போனதுதான். மற்ற நாங்கள் எல்லாரும் மனையைப் பொற்றையடிக்கு மாற்றிக்கொண்டோம், என் ஓலைக்குடிசையும் அங்கே ஏறியது. வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழைக்கு முன்னால் கரையில் வெட்டின வாயை நாங்களே மண் சுமந்து அடைத்தோம். முத்துக்கனி அவள் வீட்டுக்கு வந்த புது மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து சுமந்தாள்.

மழை வந்தது. குளம் ஏறியது. என் கிணறு முங்கியது. கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கல் வளையத்தின் மேல் வெள்ளம் கூடிய அன்று வாய்விட்டு அழுதேன். என் பெயரில் உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான் தம்பி. ஓமனா, "அம்மா, கிணறு எங்கயும் போவல்ல, உள்ளதான் இருக்கு" என்றாள். ஆவணியில் முத்துக்கனி வளவுக் கிணறு ஊறிவிட்டது.

பொற்றையில் வீடு எழும்பிவிட்டது. நான் சொன்னது போலவே இங்கே ஒரு சொட்டு ஊறவில்லை. கீழே இறங்கிப் போய்க் கோரிக்கொண்டு மேலே ஏற வேண்டும். இடுப்பு ஒடிகிறது, உன்னைத் திட்டாத நாளில்லை. ஆனால் காற்று இருக்கிறதே, அள்ளிக்கொண்டு போகிறது. ஜன்னலைத் திறந்தால் குளம் முழுவதும் தெரியும். தாமரைக்கோழி கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. முன்பு இருந்த அளவு இல்லை.

இந்தப் பங்குனியில் குளம் வற்றி, கிணற்றின் வளையம் வெளியே வந்துவிட்டது. ஒரு கல்கூடப் பெயரவில்லை. மேற்குத் தெருப் பெண்களும் அதில்தான் கோருகிறார்கள். அதற்குச் சத்தியபாய் கிணறு என்று பேர் வைத்துவிட்டார்கள். உன் அறிக்கையின் பட்டியலில் கடைசி வரிக்குக் கீழே ஓமனா பென்சிலால் கைதைக்குளம் என்று எழுதி வைத்திருக்கிறாள். எழுத்து கொஞ்சம் கோணல். மற்றபடி சரியாகத்தான் இருக்கிறது.

உன் யோசனை நல்ல யோசனைதான் தம்பி. டில்லியில் இருந்து ஒருத்தன் அதை எழுதத்தான் வேண்டும். ஒரு அக்காள் அழுதாள் என்று பேரை எடுத்துவிடாதவனாகப் பார்த்து எழுதச் சொல். உன்னைப் போல ஒருத்தன் அகப்பட்டால், அவன் அக்காளுக்கு முதலில் ஒரு மேட்டு மனை பார்த்துக் கொடுக்கச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாசல்படிக் கல் போட்டாயிற்று. அந்த வாசலை மிதிக்காதே என்று எழுதியவள் நான்தான். வந்து மிதி. எந்த முகத்தோடு வருவேன் என்று கேட்டாயே, நான் வளர்த்த அதே முகத்தோடு வா.

இன்னும் உலை வைக்கவில்லை. முதல் குடத்தை நீ குளத்துக் கிணற்றில் கோரி, முத்துக்கனி வளவுக் கிணற்றில் ஊற்ற வேண்டும். இந்தத் தடவை சத்தம் நன்றாக இருக்கும். அடுத்த குடத்தைப் பொற்றைக்குச் சுமந்து வர வேண்டும். குடிசையைப் பிரித்துவிட்டோம், அதனால் அதுவரை நான் முத்துக்கனியின் அடுக்களையில்தான் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறேன். அவள் குணம் உனக்குத் தெரியும், எந்த நிமிஷம் மாறும் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் புறப்பட்டு வா.

உன் அக்காள்
சத்தியபாய்